நல்ல சிகிச்சையாளர் என்பதாலேயே நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிட முடியுமா?

சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் பல ஆண்டுகளாக உளசிகிச்சை அளித்துவருகிறீர்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் சிகிச்சையாளர்களுக்கு இனி நீங்களே மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டிருக்கிறது. இருக்கிற அனுபவம் போதுமா, தனிப் பயிற்சி தேவையா, அந்தப் பயிற்சியில் என்னதான் கற்றுத்தருவார்கள் என்பது உங்கள் கேள்வி.

அனுபவம் இல்லாமல் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆனால் அனுபவம் மட்டும் போதாது. இதுவரை உங்கள் எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. இனி உங்கள் எதிரே ஒரு சிகிச்சையாளர் உட்கார்ந்திருப்பார். பிள்ளை வேறோர் அறையில், வேறொரு நாளில் பேசியிருக்கும். நீங்கள் ஒருமுறைகூடச் சந்திக்காத அந்தப் பிள்ளைக்கு நேரும் நன்மை தீமையில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. கண்ணில் படாத அந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் மேற்பார்வைப் பயிற்சி சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லித்தராத பயிற்சி எத்தனை மணி நேரம் நடந்தாலும் பயன் குறைவுதான்.

இந்தச் சிக்கல் மிகப் பழையது. குதிரையைக் கண்டு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவன் ‘குட்டி ஹான்ஸ்’ பற்றி சிக்மண்ட் பிராய்டு 1909-ல் எழுதினார். சிகிச்சையை நடத்தியவர் பிராய்டு அல்ல, சிறுவனின் தந்தை மாக்ஸ் கிராஃப். அவர் எழுதித் தந்த குறிப்புகளைப் படித்து பிராய்டு வழிகாட்டினார். சிகிச்சை நடந்த காலத்தில் சிறுவனை அவர் நேரில் பார்த்துப் பேசியது ஒரே ஒரு முறைதான். சிறுவர் சிகிச்சையில் மேற்பார்வை என்று சொல்லத்தக்க முதல் நிகழ்வுகளில் இது ஒன்று. அதன் குறையும் வெளிப்படையாகத் தெரிகிறது. சிறுவன் என்ன சொன்னான் என்பதற்குத் தந்தையின் பேனாவைத் தவிர வேறு சான்று இல்லை. அந்தத் தந்தையோ சிறுவனின் அச்சத்துக்கு வெளியே நின்றவர் அல்லர். இன்றும் ஒரு சிகிச்சையாளர் வந்து, ‘இந்த வாரம் நன்றாகப் போனது’ என்று சொல்லி, நாம் தலையாட்டி அனுப்பும்போது இதே குறைதான் திரும்ப நடக்கிறது.

1920களில் பெர்லின் உளப்பகுப்பாய்வு நிலையத்தில் மாக்ஸ் ஐடிங்கோன் போன்றவர்கள் மேற்பார்வையைச் சிகிச்சையாளர் பயிற்சியின் முறையான பகுதியாக ஆக்கினார்கள். மேற்பார்வை செய்பவருக்கும் பயிற்சி வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட இன்னும் பல பதிற்றாண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் 2011-ல் சிறுவர், இளையோர் உளசிகிச்சையை விரிவாக்கும் திட்டம் தொடங்கியபோது, சிகிச்சையாளர்களோடு மேற்பார்வையாளர்களுக்கும் சேவைத் தலைவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சி வைத்தார்கள். சரியான முடிவு. சிகிச்சையாளரை மட்டும் பயிற்றுவித்து அனுப்பினால், கற்றுக்கொண்டது அன்றாட நெருக்கடியில் சில மாதங்களில் கரைந்துபோகும். கூடவே இருந்து அதைக் காப்பாற்ற ஒருவர் வேண்டும்.

பயிற்சியில் முதலில் சில கோட்பாடுகள் வரும். அவற்றை நான் வேகமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை புத்தகத்தில் படித்தே புரிந்துகொள்ளக்கூடியவை. மேற்பார்வைக்கு மூன்று பணிகள் உண்டு என்று 1980களில் பிரிஜிட் புரொக்டர் வகுத்தார்: தொழில்நெறியையும் தரத்தையும் காப்பது, திறனை வளர்ப்பது, சிகிச்சையாளரின் மனச்சுமையைத் தாங்கி அவரை மீட்டெடுப்பது. மேற்பார்வையாளர் சில வேளை ஆசிரியர், சில வேளை ஆலோசகர், சில வேளை சக நிபுணர் என்று 1979-ல் ஜானின் பெர்னார்டு சொன்னார். ஸ்டோல்டன்பெர்க், டெல்வொர்த் இருவரும் 1987-ல் முன்வைத்த வளர்ச்சி மாதிரி, சிகிச்சையாளர்கள் படிப்படியாக வளர்கிறார்கள் என்கிறது. தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தெளிவான கட்டமைப்பு வேண்டும். அதையே அனுபவசாலிக்குக் கொடுத்தால் மூச்சு முட்டும். இவை மூன்றும் கைவசம் இருந்தால் தொடங்கப் போதும். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சிகிச்சை அமர்வின் ஒலிப்பதிவையோ ஒளிப்பதிவையோ வைத்துக்கொண்டு இவை எங்கே உதவுகின்றன என்று பார்ப்பதுதான் பயிற்சி.

அமர்வின் பதிவு என்பதைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சூழலைப் பாருங்கள். பதினான்கு வயதுப் பெண், பள்ளிக்குப் போக மறுக்கிறாள். சிகிச்சையாளர் புதியவர், அக்கறையுள்ளவர். மேற்பார்வைக்கு வந்ததும் அவர் தரும் சுருக்கம் இது: ‘நன்றாக ஒத்துழைத்தாள். அச்சப் படிநிலைப் பட்டியலை முடித்துவிட்டோம்.’ அஞ்சும் சூழல்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தும் பட்டியல் அது. பதிவைப் போட்டுப் பார்க்கிறீர்கள். எட்டாவது நிமிடத்தில் அந்தப் பெண், ‘நான் வீட்டில் இருந்தால்தான் அம்மா சாப்பிடுவார்’ என்கிறாள். சிகிச்சையாளர் ‘ம்’ என்கிறார். கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறார். ‘சரி, பட்டியலில் அடுத்தது எது?’ என்று கேட்கிறார். அதன் பிறகு அவள் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொல்கிறாள். அவள் ஒத்துழைத்தாள் என்பது உண்மை. அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டாள் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மை எந்தச் சுருக்கத்திலும் வராது. சிகிச்சையாளர் மறைக்கிறார் என்பதல்ல. அவர் காதில் விழாதது அவர் அறிக்கையில் எப்படி வரும்?

பயிற்சி பெறாத மேற்பார்வையாளர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நல்ல சிகிச்சையாளர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். ‘அம்மாவுக்கு மனச்சோர்வாக இருக்கலாம், இது பள்ளி பற்றிய அச்சமே இல்லை, அடுத்த வாரம் அம்மாவை அழையுங்கள்’ என்று தானே சிகிச்சையை நடத்தத் தொடங்கிவிடுவார். சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த பிள்ளை அடுத்த எட்டாவது நிமிடத்தில் வேறொன்றைச் சொல்லும்போது அதே ‘ம்’ தான் வரும்.

பயிற்சி பெற்றவர் பதிவை அங்கே நிறுத்துவார். ‘இந்த வாக்கியத்தைக் கேட்டபோது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இது 1960களில் நார்மன் ககன் உருவாக்கிய முறையிலிருந்து வருகிறது. பதிவைப் பார்க்கும்போது அந்தக் கணத்தின் நினைவும் உணர்ச்சியும் வியப்பூட்டும் அளவுக்குத் திரும்பி வருகின்றன என்பதை அவர் கவனித்தார். நம் சிகிச்சையாளர் சொல்லக்கூடிய பதில் இப்படி இருக்கலாம்: ‘கேட்டேன். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பட்டியல் முடியாது. இன்றைக்குப் பட்டியலோடு வரச் சொல்லியிருந்தீர்கள்.’

அந்தப் பதிலில் நீங்களும் இருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் எதிர்பார்ப்பு அந்த அறைக்குள் போய், ஒரு பெண்பிள்ளையின் வாயை மூடியிருக்கிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதற்குப் பழக்கம் தேவை. மேற்பார்வையாளர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் பெர்னார்டு மூன்றாகப் பிரித்தார், அது உதவுவதும் இங்கேதான். சிகிச்சையாளர் அந்த வாக்கியத்தின் பொருளை உணரவில்லையா, உணர்ந்தும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையா, அல்லது தாய் சாப்பிடாத வீடு என்றதும் அவருக்குள்ளேயே ஏதோ அசைந்துவிட்டதா? முதலாவது என்றால் பள்ளி மறுப்பைப் பற்றிச் சேர்ந்து சிந்திக்க வேண்டும். பள்ளியைக் கண்டு அஞ்சும் பிள்ளையும் வீட்டை விட்டு வர அஞ்சும் பிள்ளையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள். இரண்டாவது என்றால் அங்கேயே நடித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அந்தப் பெண்ணாக இருங்கள், அவர் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கட்டும், இரண்டு மூன்று முறை. மூன்றாவது என்றால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், ஆனால் உங்கள் அறையை அவருடைய சிகிச்சை அறையாக மாற்றிவிடாமல். அந்த எல்லை எங்கே என்பது பேச்சில் தெளிவாகத் தெரியும், உட்கார்ந்திருக்கும்போது மங்கும். அதற்கு வழிகாட்ட உங்களுக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதிவைக் காட்டச் சிகிச்சையாளர்கள் தயங்குவார்கள். 1996-ல் நிக்கலஸ் லடானியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிச் சிகிச்சையாளர்களில் ஏறக்குறைய எல்லோருமே மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் மீதான மனக்குறை, சிகிச்சையில் செய்த தவறு, தன்னைப் பற்றிய சொந்த விஷயம் என்று அந்தப் பட்டியல் போகும். மதிப்பிடும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்வரை இது இருக்கும். அதிகாரமே இல்லாததுபோல் நடிப்பதால் தயக்கம் போகாது. எதை மதிப்பிடுவீர்கள், எப்படி, எப்போது, யாருக்குத் தெரிவிப்பீர்கள் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னால் ஓரளவு குறையும். உங்களுடைய சொந்த அமர்வு ஒன்றின் பதிவை, அதுவும் தடுமாறிய இடத்தை, நீங்கள் முதலில் காட்டினால் இன்னும் குறையும். பதிவுக்குப் பிள்ளையின் சம்மதமும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலும் தேவை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எங்கே சேமிக்கிறோம், எப்போது அழிக்கிறோம் என்பதையும் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்று பிள்ளை சொன்னால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

பதிவுக்குப் பதிலாக நேரடி மேற்பார்வையும் உண்டு. பிலடெல்பியா குழந்தை வழிகாட்டு மருத்துவமனையில் சால்வடோர் மினூச்சின், ஜே ஹேலி ஆகியோர் இதை வளர்த்தார்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அமர்வைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் தொலைபேசியில் அழைத்து ஒரு வரி சொல்வார்கள். குடும்ப சிகிச்சைக்கு அருமையான முறை. ஒதுங்கியிருக்கும் பதின்பருவப் பிள்ளை தனியாகப் பேசும் அமர்வுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, பெரியவர்களுக்கான சிகிச்சையின் மேற்பார்வையிலிருந்து இது எங்கே மாறுபடுகிறது என்று பார்க்கலாம். பொதுவான மேற்பார்வைப் பயிற்சிகள் பலவும் இந்தப் பகுதியைத் தொட்டுவிட்டுப் போய்விடும். பிள்ளை தானாகச் சிகிச்சைக்கு வருவது அரிது. யாரோ அழைத்து வருகிறார்கள். குறை யாருடையது என்பதில் பிள்ளைக்கு ஒரு கருத்து, தாய்க்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட, பிள்ளையின் பலங்களையும் சிக்கல்களையும் அளக்கும் 25 கேள்விகள் கொண்ட படிவம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வளரிளம் பிள்ளைக்கும் தனித்தனி வடிவங்களில் இருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று படிவங்களும் ஒத்துப்போகவில்லை என்றால், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது மேற்பார்வையாளரின் வேலை அல்ல. அந்த முரண்பாடே ஒரு செய்தி. வீட்டில் தெரிவது பள்ளியில் தெரியாதது ஏன் என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து கேட்பதுதான் வேலை.

சிகிச்சையாளர் ஏதாவது ஒரு பக்கம் சாய்வதும் இந்தத் துறையில் அதிகம். இளம் சிகிச்சையாளர் பிள்ளையின் பக்கம் நின்று பெற்றோரை எதிரியாகப் பார்ப்பார். தானே பெற்றோராக இருப்பவர், பல வேளைகளில் தன்னையறியாமல், தாயின் பக்கம் நின்று பிள்ளையைத் திருத்தப் பார்ப்பார். ஹரோல்டு சர்ல்ஸ் 1955-ல் விவரித்த ஒன்று இங்கே அடிக்கடி நடக்கும்: சிகிச்சை அறையில் நடக்கும் உறவு மேற்பார்வை அறையில் அப்படியே எதிரொலிக்கும். பேசாத பிள்ளையோடு போராடும் சிகிச்சையாளர் உங்கள் முன்னால் திடீரென்று வாயடைத்துப்போவார். கண்டிப்பான தந்தையைப் பற்றிப் பேசும்போது நீங்களே சிகிச்சையாளரிடம் கண்டிப்பான குரலில் பேசிக்கொண்டிருப்பீர்கள். ‘இப்போது நமக்கிடையே நடப்பது, அங்கே நடப்பதை ஒத்திருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் பல முடிச்சுகள் அவிழும். எல்லாவற்றுக்கும் இதையே விளக்கமாகச் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம். சில வேளை சிகிச்சையாளர் சோர்ந்திருப்பதற்குக் காரணம், அவர் கையில் உள்ள சிகிச்சை வழக்குகள் அதிகம் என்பது மட்டும்தான்.

ஆபத்து பற்றிய பகுதிக்குப் பயிற்சியில் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வார இறுதிக்கு முந்தைய மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். ‘பதினைந்து வயதுப் பையன். முன்கையில் காயங்களைக் காட்டிவிட்டு, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்கிறான். வெளியே உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்யட்டும்?’ சிகிச்சையாளரின் குரல் நடுங்கும். முதலில் அவர் மூச்சுவிட ஒரு கணம் கொடுங்கள். பிறகு வரிசையாகக் கேளுங்கள். காயத்துக்கு இப்போதே மருத்துவம் தேவையா? தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டாயிற்றா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதைப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருக்கும், நன்றாகப் படித்தவர்களுக்கும்கூட. திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறானா, வீட்டில் எது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது? அப்பாவிடம் ஏன் சொல்லக் கூடாது என்கிறான்? அடி விழும் என்பதாலா, அப்பா உடைந்துபோவார் என்பதாலா? அடியென்றால் இது பிள்ளைப் பாதுகாப்பு விஷயம். அப்பா தாங்கமாட்டார் என்ற கவலை என்றால், சேர்ந்து சொல்வதற்கு வழி தேடலாம். வீட்டில் அவன் நம்பும் பெரியவர் வேறு யார்? ரகசியத்துக்கு எல்லை உண்டு என்று முதல் அமர்வில் அவனுக்குச் சொல்லியிருந்தோமா?

யாருக்குச் சொல்வது என்று முடிவானதும், பையனுக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும். தனக்குத் தெரியாமல் வீட்டுக்குத் தகவல் போனதை அறியும் பிள்ளை அடுத்த முறை காயத்தைக் காட்டாது. ‘தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது பாதுகாப்பு ஆகாது; பல இடங்களில் இன்னும் செய்கிறார்கள், அதை நீங்கள் நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது: ஆபத்தின் அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, நாடக்கூடிய ஆட்கள், அவசர உதவி, ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துவது என்று படிப்படியாகப் பிள்ளையோடு சேர்ந்து எழுதுவது. உடனடி ஆபத்து என்றால் மட்டும் நீங்கள் முன்னால் வந்து பொறுப்பைக் கையில் எடுங்கள். மற்ற வேளைகளில் சிகிச்சையாளரே செய்யட்டும், நீங்கள் தொலைபேசிக்கு மறுமுனையில் இருங்கள். நடந்ததை இருவரும் அன்றைக்கே பதிந்து வையுங்கள். இரவு படுக்கும் முன் அவரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். புரொக்டர் சொன்ன மூன்றாவது பணி இதுதான்.

இந்த விஷயங்களில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1985-ல் வந்த கில்லிக் தீர்ப்பு, போதிய புரிதல் உள்ள பிள்ளை 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் தன் மருத்துவத்துக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்றது. வேறு பல இடங்களில் அப்படி இல்லை. பிள்ளைகள் மீதான வன்முறையை எப்போது, யாரிடம் தெரிவிப்பது கட்டாயம் என்பதும் மாறும். நீங்கள் பணிபுரியும் இடத்தின் விதியைச் சட்ட வாசகத்தோடு படித்து வைத்துக்கொள்ளுங்கள், சக ஊழியர் சொன்னதை நம்ப வேண்டாம்.

மதிப்பீடு பற்றி ஒரு சொல். அமெரிக்க உளவியல் சங்கம் 2015-ல் வெளியிட்ட மேற்பார்வை வழிகாட்டுதல்கள் ஏழு பகுதிகளைப் பட்டியலிடுகின்றன; அவற்றில் தொழில் திறன் குறைபாட்டைக் கையாள்வது தனியாகவே ஒரு பகுதி. அது தனியாக இருப்பதற்குக் காரணம், எல்லோரும் தள்ளிப்போடும் வேலை அதுதான். சிகிச்சையாளர்கள் கனிவானவர்கள், கனிவானவர்களுக்கு ‘நீங்கள் இந்த வழக்கைத் தொடரக் கூடாது’ என்று சொல்வது கடினம். ஆனால் சொல்லாமல் விட்டால் அதன் விலையை அறையில் இல்லாத பிள்ளைதான் கொடுக்கும். குறையைப் பொதுவாகச் சொல்லாமல், பதிவின் இந்த நிமிடத்தில் இது நடந்தது, அடுத்த பதிவில் இது மாறியிருக்க வேண்டும் என்று சொல்லப் பழகுங்கள். அப்போதுதான் கேட்பவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் முதல் விஷயம், உங்கள் மேற்பார்வை அமர்வுகளின் பதிவை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா என்பது. மேற்பார்வைக்கு மேற்பார்வை. இது இல்லாமல் விரிவுரை கேட்டுச் சான்றிதழ் வாங்கும் பயிற்சி, நீச்சலைக் கரையிலிருந்து கற்பதுபோல. அடுத்து, கற்றுத்தருபவர்கள் இன்னும் பிள்ளைகளைப் பார்த்துச் சிகிச்சை செய்கிறார்களா என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்திலேயே உங்களுக்கு ஒன்றிரண்டு சிகிச்சையாளர்கள் இருக்க வேண்டும். யாருக்கும் மேற்பார்வை செய்யாமல் இதைக் கற்க முடியாது. நீங்கள் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் அறிதல்-நடத்தை சிகிச்சை) செய்பவர், உங்களிடம் வருபவர் குடும்ப சிகிச்சை செய்பவர் என்றால் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பேசும் பயிற்சியாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் நாட்டில் சிகிச்சையாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு அந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். தனி மேற்பார்வையா, குழு மேற்பார்வையா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. குழுவில் கற்றல் அதிகம், ஆனால் வெட்கப்படுபவர் ஒளிந்துகொள்ளவும் இடம் அதிகம். முதல் ஆண்டில் உள்ளவர்களுக்குத் தனி அமர்வு கட்டாயம் இருக்கட்டும்.

நிறுவனத்திடம் பேச வேண்டியதும் இருக்கிறது. நீங்கள் மேற்பார்வை செய்யும் சிகிச்சையாளர்களின் விடுப்பையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கும் மேலாளராகவும் நீங்களே இருக்கப்போகிறீர்களா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், எட்டாவது நிமிடத்தை யாரும் உங்களிடம் போட்டுக் காட்ட மாட்டார்கள். முடிந்தவரை பிரித்துக்கொள்ளுங்கள், பிரிக்க முடியாது என்றால் அதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். ஒரு மணி நேர மேற்பார்வைக்குப் பதிவு பார்ப்பது, குறிப்பு எழுதுவது, இடையில் வரும் அவசர அழைப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு மணி நேரமாவது தேவைப்படும். அந்த நேரத்தை உங்கள் வழக்குச் சுமையிலிருந்து குறைத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும்போது அந்த அவசர அழைப்பை யார் எடுப்பார் என்பதையும் பெயரோடு எழுதி வாங்குங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு பொறுப்பேற்கும் தேதியைச் சொன்னால் போதும்.